கொடுத்த காசைத் தேடி கிசுமுவுக்கு

முதல் நாள், 10 பிப்ரவரி 2023, மும்பை விமான நிலையம்

“கென்யாவா? சிங்கம் பார்க்கவா?” என்று கேட்காத ஆள் ஆபீஸில் இல்லை. குடற்புழு பார்க்கப் போகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான்.

கதை இது. எங்கள் பள்ளியின் 94 பேட்ச் ஆட்கள் நாற்பது சொச்சம் பேர் ஒரு வாட்ஸாப் குரூப்பில் இருக்கிறோம். வருடா வருடம் காசு போட்டு ஏதாவது செய்வோம். மூன்று வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆர்.ஓ. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டினோம், கேசரி சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம். நான் ஆடிட்டர் ஆபீஸில் 22 வருடமாகக் குப்பை கொட்டுகிறவன், பில், வவுச்சர் எல்லாம் பக்காவாக ஃபைலில் வைத்திருக்கிறேன். போன டிசம்பரில் அந்த வழியாகப் போனபோது சும்மா எட்டிப் பார்த்தேன். மெஷின் மேல் சாக்குப் போர்த்தியிருந்தது. மெம்பிரேன் போய்விட்டது, மாற்ற யாரிடமும் காசு இல்லை, யாருடைய பொறுப்பு என்பதும் தெரியவில்லை. பிள்ளைகள் பழையபடி சின்டெக்ஸ் தொட்டிக் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெயர் போட்ட கிரானைட் பலகையை மட்டும் யாரோ துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் குரூப்பில் ஆறு லட்சம் சேர்ந்திருக்கிறது. என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சாக்குதான் கண்ணுக்குள் நிற்கிறது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்ததில் ஒன்று புரிந்தது. ஏழைக்குக் கொடுத்தால் அப்புறம் என்ன ஆகிறது என்பதை, சீட்டுக் குலுக்கிப் பாதி ஊருக்குக் கொடுத்து, மீதி ஊரைக் கொடுக்காமல் விட்டு, இரண்டையும் வருடக்கணக்கில் அளந்து பார்த்த இடம் என்றால் அது மேற்குக் கென்யாதான். 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்ததே, அதில் கிரேமரின் ஆரம்ப வேலையெல்லாம் இந்தப் பகுதியில் நடந்ததுதான். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று என் சொந்தக் காசில் கிளம்பிவிட்டேன். (குரூப் காசு இல்லை, யாரும் பதற வேண்டாம்.)

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே போட வேண்டும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். டிக்கெட், தங்கல், விசா எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ஆகிறது. இந்தத் தொகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உறுத்தப் போகிறது.

இரண்டாம் நாள், கிசுமு

நைரோபியில் விமானம் மாறி ஒரு மணி நேரத்துக்குள் கிசுமு. விக்டோரியா ஏரிக் கரை. மேலிருந்து பார்த்தால் ஏரியில் பச்சை பச்சையாகத் தீவு தீவாகத் தெரிந்தது, இறங்கிப் பார்த்தால் எல்லாம் ஆகாயத்தாமரை. நம் ஊர்க் குளத்தைப் பிடித்த சனியன் இங்கேயும் வந்திருக்கிறது.

மொம்பாசாவிலிருந்து கிளம்பிய ரயில் பாதை 1901இல் இந்த ஊரில்தான் வந்து முடிந்தது. போட்டவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிலிருந்தும் குஜராத் பக்கமிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கூலிகள். அதனால் ஊர் முழுக்க நமக்குத் தெரிந்த சொற்கள் காதில் விழுகின்றன. சப்பாத்தி, சமோசா, சாய். கடைக்கு துகா, பணத்துக்கு பேசா. நம் பைசாதான். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி அப்படியே களி, கேழ்வரகு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்று ஒரு கீரை. ‘வாரத்தைத் தள்ளு’ என்று அர்த்தமாம், சம்பளத்துக்கு முந்தைய நாட்களைத் தள்ளிவிடும் கீரை. பெயர் வைத்தவர் குடும்பஸ்தர்.

இன்னொன்று, இங்கே வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் போடா போடா. ஸ்டாண்டில் நின்று ஒருவனைப் பார்த்து “போடா” என்று கூப்பிட வேண்டும். முதல் தடவை எனக்கு வாயே வரவில்லை.

சாயங்காலம் டுங்கா கரைக்குப் போனேன். மீன் இறங்கும் இடம். பெண்கள் ஒமேனா என்ற குட்டி மீனைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நெத்திலி சைஸ்தான், வாடையும் அதேதான். எதன் மேல் காயப் போட்டிருந்தார்கள் என்று குனிந்து பார்த்தேன். நீல நிறக் கொசுவலை. மலேரியாவைத் தடுக்க இலவசமாகக் கொடுக்கிற, மருந்தில் தோய்த்த வலை.

எனக்குச் சுருக்கென்றது. ஆர்.ஓ. மெஷின் சாக்கு ஞாபகம். “இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான்” என்று நம் ஊர்த் திண்ணையில் சொல்வதை மனதுக்குள் சொல்லியும் விட்டேன். கூட வந்த போடா போடா தம்பி (சின்னப் பையன், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறான், அடுத்த சில நாளைக்கும் அவனையே பேசி வைத்திருக்கிறேன்) அந்த அம்மாவிடம் கேட்டான். அவர் வலையைத் தூக்கி விரலை விட்டுக் காட்டினார். கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பழசு. புதுசு வீட்டில் கட்டிலுக்கு மேல் தொங்குகிறதாம். “ஓட்டை வலைக்குள் படுத்தால் கொசு என்ன வழி கேட்டுக்கொண்டு நிற்குமா?” என்றார்.

ஒரு அம்மா சொன்னதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏரிக்கரை ஊர்களில் புது வலையையே மீனுக்குப் பயன்படுத்தியதையும் ஆய்வாளர்கள் 2008லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் “இலவசம் என்றால் மதிக்க மாட்டார்கள்” என்ற பேச்சை இதே மேற்குக் கென்யாவில் ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டியூபா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள், 2010இல் முடிவு வெளியானது. கர்ப்பிணிகள் வரும் ஆஸ்பத்திரிகளில் சில இடத்தில் வலை இலவசம், சில இடத்தில் சின்ன விலை. அரை டாலருக்குக் கொஞ்சம் மேலே விலை வைத்ததுமே வாங்குகிறவர்கள் எண்ணிக்கை 60 சதவீதப் புள்ளிகள் விழுந்துவிட்டது. வாங்கியவர்கள் வலையைக் கட்டினார்களா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கியவரும் சும்மா வாங்கியவரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் கட்டியிருந்தார்கள். விலை வைத்ததால் வலைக்கு மரியாதை கூடவில்லை, வலை இல்லாத வீடுதான் கூடியது.

நான் கரையில் கண்ணால் பார்த்தது உண்மை. அதிலிருந்து நான் எடுத்த முடிவு தப்பு. இரண்டாம் நாளே இப்படி.

மூன்றாம் நாள், ஞாயிறு

கிபுயே சந்தை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால் நம் பொள்ளாச்சி சந்தை எல்லாம் சும்மா. பாதிச் சந்தை மிதும்பா, அதாவது பழைய துணி. வெளிநாட்டில் யாரோ புண்ணியத்துக்குப் பெட்டியில் போட்டது, அங்கேயே ஏலம் போய், அழுத்திக் கட்டி, 45 கிலோ பொதியாகக் கப்பலேறி இங்கே வந்து விலைக்கு விற்கிறது. மிதும்பா என்றாலே பொதி என்றுதான் அர்த்தம். பொதியைப் பிரித்ததும் முதல் தரத் துணிக்கு ‘கேமரா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கடைசித் தரத்துக்குப் பெயர் ‘கூட்டித்தள்ளு’.

இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தீர்மானிக்க வரவில்லை. விற்கிறவர்களுக்குப் பிழைப்பு, வாங்குகிறவர்களுக்கு மலிவு, உள்ளூர்த் தையல்காரருக்கு அடி. நான் 200 ஷில்லிங்குக்கு ஒரு சட்டை வாங்கினேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு சர்ச்சின் மாரத்தான் சட்டை. கேமரா.

நான்காம் நாள், சியாயா

காலையில் புசியா ரோட்டில் கிளம்பினோம். மசெனோ என்ற இடத்தில் நிலநடுக்கோடு ரோட்டைக் கடக்கிறது, பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம் வைத்து போட்டோ. அதைக் குரூப்பில் போட்டதற்கு 31 லைக்.

சியாயா மாவட்டத்தில்தான் (கவுண்டி என்கிறார்கள்) ‘கிவ்டைரக்ட்லி’ என்ற அமைப்பு பணத்தை நேரடியாக மக்கள் கையில் கொடுத்தது. ஆடு வாங்கித் தருவதில்லை, தையல் மெஷின் இல்லை, பயிற்சி வகுப்பு இல்லை. எம்-பேசா என்ற செல்போன் கணக்கில் பணம் வந்து விழும், என்ன வேண்டுமானாலும் செய்துகொள். எம்-பேசா இங்கே 2007இல் வந்தது, நம் ஊரில் ஜிபே வருவதற்குப் பத்து வருடம் முன்னால். பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டிக்கடை ஊருக்கு நாலு இருக்கிறது, அதுதான் இவர்களுக்கு வங்கி.

தம்பியின் சித்தி ஊர் அது. நான் எந்த அமைப்பு மூலமாகவும் போகவில்லை, அமைப்பு மூலமாகப் போனால் அவர்கள் காட்டுகிற வீட்டைத்தான் பார்க்க முடியும். சித்தியை எல்லோரும் ‘மாமா’ என்று கூப்பிடுகிறார்கள், ஸ்வாஹிலியில் அம்மாவுக்கு மாமா. ஐம்பது வயது அம்மாவை மாமா, மாமா என்று கூப்பிட்டு எனக்கே சிரிப்பு வந்தது, ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார், சொன்னதும் அவரும் சிரித்தார்.

அவருக்குப் பணம் வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. மொத்தம் 87,000 ஷில்லிங், மூன்று தவணை. டாலரில் ஏறக்குறைய ஆயிரம். இன்றைய கணக்கில் ஆயிரம் டாலர் நமக்கு 82,000 ரூபாய். (என் பயணச் செலவு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். சொன்னேனே, உறுத்தும் என்று.) முதல் தவணை ராத்திரி எஸ்.எம்.எஸ். ஆக வந்திருக்கிறது. தப்பாக வந்திருக்கும், காலையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, விடிய விடிய போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

என்ன செய்தார்? முதலில் கூரை. புல் வேய்ந்த கூரையைப் பிரித்து மபாட்டி போட்டார், அதாவது தகரம். கூரைக்குப் போய் காசைக் கொட்டுவதா என்று நமக்குத் தோன்றும். அவர் கணக்குச் சொன்னார், நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். புல் கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், புல் முன்பு சும்மா கிடைத்தது, இப்போது விலைக்கு வாங்க வேண்டும், வேய்கிற ஆளுக்குக் கூலியும் சாப்பாடும், ஒழுகினால் மக்காச்சோளம் முளைத்துவிடும். தகரம் ஒரு தடவைச் செலவு. என்னிடம் கணக்கு எழுத வருகிற எத்தனையோ முதலாளிகளுக்கு இவ்வளவு தெளிவு கிடையாது. இரண்டாவது தவணையில் மாடு. மூன்றாவது பெரிய பையனுக்குப் பள்ளிக்கூட பீஸ். மாடு அடுத்த வருடமே செத்துப்போனது. இதைச் சொல்லும்போதும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

குடித்துத் தீர்த்த ஆட்கள் இருந்தார்களா என்று கேட்டேன். “ஒருத்தன் இருந்தான், பணம் வருவதற்கு முன்னாலும் அவன்தான் குடித்தான்.” இதே சியாயாவில் ராரியேடா பகுதியில் ஹௌஷோஃபர், ஷாபிரோ இருவரும் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது, பணம் கிடைத்த வீடுகளில் சாராயம், சிகரெட் செலவு கூடவில்லை. அதற்கடுத்து இங்கே நடந்தது இன்னும் பெரியது, 653 கிராமங்கள், 10,000க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பணம். ஒரு ஷில்லிங் உள்ளே வந்தால் அது கைமாறிக் கைமாறி அந்தப் பகுதிப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை ஷில்லிங் அளவுக்கு வேலை செய்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பணம் வாங்காத வீட்டிலும் வருமானம் ஏறியது, ஏனென்றால் கூரை போட ஆள் வேண்டும், தகரம் விற்கக் கடை வேண்டும். விலைவாசி ஏறியது மிக மிகக் கொஞ்சம்.

எல்லாம் சரி. கிளம்பும்போது மாமா பாதைக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். அங்கே அவருடைய நாத்தனார் வீடு. அது வேறு கிராமம், குலுக்கலில் அந்தக் கிராமத்துக்கு விழவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான். “ஒரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை.”

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ராத்திரி வரை யோசித்தேன். குலுக்கல் இல்லாமல் யாருக்குக் கொடுத்து என்ன பயன் என்று கண்டுபிடிக்கவே முடியாது, பணமும் எல்லோருக்கும் போதாது, குலுக்கித்தான் ஆக வேண்டும், எல்லாம் புரிகிறது. ஆனால் நாத்தனாருக்கு இதை விளக்கச் சொன்னால் நான் மாட்டேன். ஏரி வளைகுடாவுக்குத் தெற்கே ஹோமா பே பக்கம் நிறைய பேர் இந்தப் பணமே வேண்டாம் என்று மறுத்திருக்கிறார்கள், இது சாத்தான் பணம் என்று வதந்தி கிளம்பிவிட்டதாம். சும்மா யார் பணம் கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானதுதானே. என் வீட்டு வாசலில் ஒருவன் வந்து சொன்னால் நான் போலீசைக் கூப்பிடுவேன்.

ஐந்தாம் நாள்

வயிறு. ரோட்டோரம் வாங்கிக் குடித்த ஜூஸ் என்று நினைக்கிறேன். தண்ணீரைப் பற்றி ஆராய வந்தவன் அறையை விட்டு வெளியே போகவில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு.

லாட்ஜ் வரவேற்பறையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது, அநாதை இல்லத்தில் ஒரு நாள் குழந்தைகளோடு செலவிடுங்கள் என்று. இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கும் படிப்புக்கும்தான் அனுப்பியிருப்பார்கள். பார்க்க ஆள் வர வர இல்லம் பெருகும். கென்ய அரசே 2017இல் புதிய இல்லங்களுக்குப் பதிவு கொடுப்பதை நிறுத்தி வைத்தது. நாங்களும் பிறந்தநாளுக்கு இல்லத்தில் கேக் வெட்டியவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் எத்தனை கேக்குக்கு எத்தனை பிறந்தநாள் பாட்டுப் பாடியிருப்பார்கள் என்று இன்று படுத்துக்கொண்டு எண்ணினேன், வேறு வேலை இல்லையே.

ஆறாம் நாள், புசியா

மட்டாட்டுவில் (நம் ஷேர் ஆட்டோவை வேன் அளவுக்குப் பெரிதாக்கினால் மட்டாட்டு) உகாண்டா எல்லை வரை. புசியா ஊரை நடுவில் எல்லை வெட்டுகிறது, பாதி கென்யா, பாதி உகாண்டா. போடா போடா என்ற பெயர் பிறந்தது இங்கேதான். இரண்டு செக்போஸ்ட்டுக்கும் நடுவில் ஆட்களை சைக்கிளில் ஏற்றிப் போகிறவர்கள் ‘பார்டர், பார்டர்’ என்று கத்த, அது போடா போடா ஆகிவிட்டது.

வண்டியில் பக்கத்து சீட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். கால் மேல் பிளாஸ்டிக் பையில் இரண்டு கோழிக்குஞ்சு. ஏன் வந்தாய் என்றார், புழுவைப் பற்றி என்றேன். அவர் சத்தமாகச் சிரித்து, அந்த மாத்திரையை நானே என் கையால் பிள்ளைகள் வாயில் போட்டிருக்கிறேன் என்றார். எனக்கு சிங்கத்தைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

நடந்தது இது. கிரேமர் கல்லூரி முடித்த கையோடு 1980களில் ககமேகா பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். பிறகு 90களில் திரும்பி வந்தபோது ஒரு டச்சுத் தொண்டு அமைப்பு புசியாப் பள்ளிகளுக்கு உதவத் தயாராக இருந்தது. எந்த உதவி வேலை செய்கிறது என்று அளந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். முதலில் பாடப் புத்தகம். இலவசப் புத்தகம் கொடுத்தால் மார்க் ஏறாமல் எங்கே போகும்? ஏறவில்லை. ஏற்கெனவே முதல் வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் ஏறியது, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. காரணத்தை வாத்தியார் ஒரே வரியில் சொன்னார். வீட்டில் லூயா பேசுகிற பிள்ளை, சந்தையில் ஸ்வாஹிலி, புத்தகம் இங்கிலீஷில். “மூன்றாவது மொழியில் வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு அவன் படம்தான் பார்த்தான்.” சுவரில் மாட்டும் பாடப் படங்கள் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம்தான் புழு. 1998இல் ஆரம்பித்து 75 பள்ளிகள், மூன்று தொகுதியாகப் பிரித்து ஒன்றன் பின் ஒன்றாகக் குடற்புழு மாத்திரை. அதே அல்பெண்டசோல், நம் ஊர்ப் பள்ளிகளில் 2015லிருந்து குடற்புழு நீக்க நாள் என்று கொடுக்கிறார்களே, அதுதான். கிரேமரும் எட்வர்ட் மிகுவெலும் 2004இல் வெளியிட்ட முடிவு: பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவது கால்வாசி குறைந்தது. மாத்திரை வாங்காத பிள்ளைக்கும் பக்கத்துப் பள்ளிக்கும்கூடப் பலன், ஏனென்றால் புழு முட்டை மண்ணில் விழுவதே குறைகிறது. தலைக்கு வருடத்துக்கு ஆகிற செலவு ஒரு டீ, வடைக் காசு.

இதை வைத்துப் பெரிய சண்டையும் நடந்தது. 2015இல் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, பிழைகள் இருக்கின்றன, சொன்ன அளவுக்கு உறுதி இல்லை என்றார்கள், மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சண்டையே பிடித்திருந்தது. எங்கள் குரூப்பில் கொடுத்ததைப் பற்றி ஒருநாள்கூட யாரும் சண்டை போட்டதில்லை, சண்டையெல்லாம் போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்பதில்தான். அந்தப் பிள்ளைகளை இருபது வருடம் கழித்தும் விடாமல் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், நைரோபிக்குப் போனவனைக்கூட. இரண்டு மூன்று வருடம் கூடுதலாக மாத்திரை சாப்பிட்டவர்கள் வீட்டுச் செலவுக்கு 14 சதவீதம் அதிகமாகச் செலவழிக்க முடிகிறவர்களாக இருந்தார்கள்.

வாத்தியாரிடம் கேட்டேன், மாத்திரை கொடுத்த பிறகு பிள்ளைகளிடம் என்ன மாற்றம் பார்த்தீர்கள் என்று. அவர் நேர்மையான மனிதர். “ஒன்றும் பார்க்கவில்லை” என்றார். “வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் வகுப்பில் தினமும் நாலைந்து பேர் வரமாட்டார்கள், அதில் ஒருத்தன் கூடுதலாக வந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியுமா?” சொல்லிவிட்டு, இறங்குமிடம் வந்ததும் கோழிக்குஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அரை மணி நேரம் அவர் கோழிக்குஞ்சு என் முழங்காலைக் கொத்திக்கொண்டே வந்தது, அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஏழாம் நாள், ஊற்று

இதற்காகத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்.

புசியாவிலிருந்து உள்ளே, செம்மண் பாதை, இரண்டு பக்கமும் மக்காச்சோளம். சரிவில் இறங்கினால் ஊற்று. சிமென்ட் சுவர் வைத்து மூடி ஒரே ஒரு குழாய் விட்டிருக்கிறார்கள், விரல் கனத்துக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பெண்கள் வரிசையில் மஞ்சள் கேன்கள், 20 லிட்டர், சமையல் எண்ணெய் வந்த கேன்.

முதலில் ஊற்றை மூடினால் போதும் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். இருநூறு ஊற்று அளவுக்கு எடுத்து அளந்து பார்த்ததில், ஊற்றில் அசுத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. சபாஷ். ஆனால் அந்தத் தண்ணீர் வீட்டுப் பானைக்குப் போன பிறகு எடுத்துச் சோதித்தால் கால்வாசிதான் குறைந்திருக்கிறது. நடுவில் என்ன ஆனது? கேன் ஆனது, மூடி ஆனது, பானைக்குள் விட்ட டம்ளரும் டம்ளரைப் பிடித்த கையும் ஆனது. அதனால்தான் குளோரினைத் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கே கொண்டுவந்தார்கள், வீடு வரைக்கும் கூடவே போகட்டும் என்று.

குழாயிலிருந்து நாலடி தள்ளி, ஒரு கம்பத்தில் நீல நிற டப்பா, பூட்டுப் போட்டது, கீழே ஒரு திருகு. அவ்வளவுதான் சாதனம். முதலில் காலி கேனை டப்பாவுக்கு அடியில் வைத்துத் திருகை ஒரு சுற்று. 20 லிட்டருக்கு வேண்டியது மட்டும் விழும், அதற்கு மேல் விழாது. அப்புறம் கேனில் தண்ணீர் பிடித்து, தலையில் வைத்து நடந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் மருந்து கலந்து தன் வேலையை முடித்திருக்கும். மின்சாரம் வேண்டாம், மெம்பிரேன் வேண்டாம்.

நானும் செய்து பார்க்கிறேன் என்றேன். கேனின் வாயைச் சரியாக வைக்காமல் திருகிவிட்டேன், மருந்து என் பேன்ட்டில் விழுந்தது (கறுப்பு பேன்ட், இப்போது தொடையில் ஒரு செம்பழுப்பு இந்தியா மேப்). வரிசை மொத்தமும் சிரித்தது. ஒரு சின்னப் பெண், எட்டு வயது இருக்கும், என் கையிலிருந்து கேனை வாங்கி, ஒரு காலால் அணைத்துப் பிடித்து, பார்க்காமலே திருகிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு எண்ணினேன், 23 கேனில் 14. போடாத ஒரு பாட்டியிடம் தம்பி கேட்டான். மருந்து வாசனை டீயைக் கெடுக்கிறதாம். நியாயம்தான், நானும் டீக்காரன்.

எனக்கு வேண்டிய ஆள் அப்புறம்தான் வந்தார். டப்பாவைப் பார்த்துக்கொள்வதற்கு ஊரே கூடித் தேர்ந்தெடுத்த பெண். சம்பளம் கிடையாது. சாவி அவர் கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது. டப்பாவைத் தட்டிப் பார்த்தார், சத்தத்தை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமாம், எனக்கு ஒரு சத்தமும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. குறைந்தால் எங்கே சொல்வீர்கள் என்றேன். போன் நம்பர் டப்பா மேலேயே இருக்கிறது, அவருக்கு மனப்பாடமும் கூட. நீங்கள் இல்லாதபோது? இன்னொரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அவரும் இல்லாவிட்டால்? என்னை விநோதமாகப் பார்த்தார். “நீ என்ன, இதை வாங்கிக்கொண்டு போகப் போகிறாயா?”

மைக்கேல் கிரேமர் குழு சில மாதங்களுக்கு முன் உலகம் முழுக்க நடந்த தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைச் சாவு கால்வாசிக்குக் குறையாமல் குறைகிறது என்று வந்தது. அந்தக் கால்வாசியை இந்த ஊற்றங்கரையில் தேடினால் கிடைக்காது. சாகாமல் போன குழந்தை எந்தக் குழந்தை என்று யாருக்குத் தெரியும்? ஒருவேளை அந்தத் திருகுகிற பெண்ணாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

சாயங்காலம் அதே பெண்ணின் வீட்டு முற்றத்தில் சாமா கூட்டம். எட்டுப் பெண்கள், ஒரு தகர டப்பா, ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு, முறை வைத்து ஒருவருக்கு மொத்தமும். சீட்டுதான், தள்ளுச்சீட்டு இல்லை, குலுக்குச்சீட்டு. நோட்டை வாங்கிப் பார்த்தேன், வழக்கம் விடவில்லை. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. வராதவருக்கு அபராதம் கூடத் தனிக் கட்டத்தில். எங்கள் பேட்ச் கணக்கை எழுத இவரைக் கூப்பிடலாம்.

எட்டாம் நாள், நைரோபி விமான நிலையம்

குரூப்பில் போட்டோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீல டப்பாவைப் போட்டேன். “இது என்னடா, குப்பைத் தொட்டியா? நீ எங்கே?” என்று ஒருவன். ஆறு லட்சத்துக்குக் கல்யாண மண்டபத்தில் விழா வைத்து ஸ்கூல் பேக் கொடுக்கலாம் என்று இன்னொருவன், அதற்கு 19 லைக். மாத்திரைக்கும் குளோரினுக்கும் கொசுவலைக்கும் வேலை செய்கிற அமைப்புகளைத் தணிக்கை செய்து பட்டியல் போடுகிற இடங்கள் இருக்கின்றன, பாதியை அங்கே அனுப்பலாம் என்று எழுதினேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. ஊருக்குப் போய்தான் பேச வேண்டும், ராத்திரி பரோட்டாக் கடையில் வைத்துப் பேசினால் சிலது நடக்கும்.

மீதிப் பாதிக்கு முன்னால் அந்தப் பழைய கடன் இருக்கிறதே. போர்டிங்குக்கு ஒரு மணி நேரம் இருந்தது, பள்ளித் தலைமை ஆசிரியருக்கு போன் போட்டேன்.

“சார், நம்ம ஆர்.ஓ. மெஷின் இருக்குல்ல, அதைச் சரி பண்றதுக்கு ஆள் அனுப்பலாம்னு...”

“ரொம்ப சந்தோஷம் சார். புதுசே வாங்கித் தர்றீங்களா?”

“இல்ல சார், பழசுதான். வருஷா வருஷம் மெம்பிரேன் மாத்துற காசை நாங்க தர்றோம். தினமும் அந்த ரூமைத் திறந்து, போட்டு, அணைக்கிறது யாரு?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“வாட்ச்மேன் சார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவரு. இன்னும் வரல. சாவி அவர்கிட்டதான் இருக்கு.”